வீட்டுக்குச் சின்ன குயில்டிங் ஃபிரேம் வாங்கலாமா? முதலில் மெஷினை அளந்து பாருங்கள்

டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் வசிக்கும் ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். கணவருக்கு ஹெச்-1பி வேலை விசா, இவருக்கு அதைச் சார்ந்த ஹெச்-4 விசா. பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் குயில்டிங், அதாவது துணி அடுக்குகளைச் சேர்த்துப் போர்வையாகத் தைக்கும் கலை, கற்றுக்கொண்டு நாலு வருடமாகத் தைக்கிறார். வருடத்துக்குக் குழந்தைப் போர்வை நாலு, சோபாவில் போர்த்திக்கொள்ளும் அளவில் இரண்டு. துண்டு வெட்டி மேல்துணியை இணைப்பது வரைக்கும் சந்தோஷமாக இருக்கிறதாம். அதற்கப்புறம் மேல்துணி, நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பான பேட்டிங், பின்துணி மூன்றையும் தரையில் விரித்து, முட்டி போட்டுக் குண்டூசி குத்தி, அந்தப் பொதியை ஊசிக்கும் தூணுக்கும் நடுவே 7 அங்குல இடைவெளி உள்ள சாதாரண மெஷினுக்குள் திணித்துத் தைப்பதற்குள் கழுத்தும் வலது தோளும் விட்டுப்போகிறது. அவருக்குப் பிடித்த தையல், மேல் கீழ் அடுக்குகளைச் சேர்த்தே நகர்த்தும் வாக்கிங் ஃபுட் போட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடிக்கும் நேர்கோட்டுக் கட்டங்கள்.

இப்போது பக்கத்து ஊரில் ஒருவர், வீட்டு மெஷினையே ஏற்றிக்கொள்ளும் ஃபிரேம் ஒன்றை 600 டாலருக்கு விற்கிறார். தையல் நீளத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரும் வேண்டுமென்றால் இன்னும் 350. கணவர், "வாங்குவதென்றால் கம்ப்யூட்டர் வைத்ததாகவே வாங்கிவிடு, நீ கையே வைக்க வேண்டாம்" என்கிறார். அம்மாவின் பட்டுச் சேலைகளை வைத்து ஒரு குவீன் சைஸ் போர்வை தைக்க வேண்டும், தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இப்படித் தைத்துக் கொடுத்துச் சிறு காசு பார்க்கலாம், "ரொக்கமாகத்தானே, அதில் ஒன்றும் சிக்கல் இருக்காது" என்பது இவர் எண்ணம். ஃபிரேம் வைக்கப்போவது 10-க்கு 11 அடி விருந்தினர் அறையில். விற்பவருக்கு இந்த வாரம் பதில் சொல்லியாக வேண்டும்.

சகோதரி, வணக்கம். உங்களுக்கு நாள் குறைவாக இருப்பதால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஃபிரேம் இப்போது வேண்டாம். ஃபிரேமே வீண் என்று சொல்லவில்லை. மற்றவர்களின் மேல்துணிகளை, ஃபிரேமில் ஓடும் கை நீண்ட பெரிய மெஷினான லாங்ஆர்மில் தைத்துக் கொடுப்பதும் அதற்கு வகுப்பு எடுப்பதும்தான் என் தொழில், ஃபிரேம் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது. ஆனால் நீங்கள் எழுதியதை நிதானமாகப் படித்தால், உங்களை வாட்டுவது ஒன்று, ஃபிரேம் தீர்ப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே ஒரு இடத்தில்தான் சந்திக்கின்றன, தரையில் முட்டி போட்டுக் குண்டூசி குத்தும் அந்த வேலையில்.

அதில் ஃபிரேமை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மூன்று அடுக்கையும் தனித்தனியாகக் கம்பியில் ஏற்றி இழுத்துப் பிடித்துவிடலாம், பின்துணி சுருங்காது, துணி அசையாமல் இருக்க மெஷின்தான் சக்கரத்தில் உருண்டு நகரும். நின்றபடி வேலை. குழந்தைப் போர்வை மட்டும் தைக்கிற, பூவும் வளைவும் இலையும் என்று கை போன போக்கில் தைக்கப் பிடிக்கிற ஒருவர் இதே விலையில் கேட்டிருந்தால், போய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்றுதான் எழுதியிருப்பேன்.

ஃபிரேம் பெரிதானாலும் மெஷின் பெரிதாகாது

கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்தீர்கள்: "ஃபிரேமில் ஏற்றிவிட்டால் குவீன் சைஸும் சுலபம் இல்லையா?" நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், விளம்பரப் படங்களும் அப்படித்தான் நினைக்க வைக்கின்றன. படத்தில் அகலமான ஃபிரேம் தெரியும், அதில் பளிச்சென்று விரிந்த போர்வை தெரியும். மெஷினின் கைக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது தெரியாது.

தைத்து முடிந்த பகுதியை ஒரு கம்பியில் சுற்றிக்கொண்டே போவோம். அந்தக் கம்பி ஊசிக்கும் மெஷினின் தூணுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குள்தான் உட்கார்ந்திருக்கும். ஆரம்பத்தில் கம்பி வெறுமையாக இருக்கும்போது உங்கள் 7 அங்குலத்தில் ஏறக்குறைய 5 அங்குலம் தைக்கக் கிடைக்கும். போகப்போகச் சுருள் பருக்கும். 100 அங்குல நீளமுள்ள குவீன் போர்வை, மெல்லிய காட்டன் பேட்டிங், அழுத்திச் சுற்றினால் ஒரு அடுக்குக்கு எட்டில் ஒரு அங்குலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றேகால் அங்குலக் கம்பியில் அது முழுக்கச் சுற்றி வரும்போது சுருளின் குறுக்களவு 4 அங்குலத்தைத் தாண்டிவிடுகிறது. மிச்சம் 3 அங்குலத்துக்கும் குறைவு, அதிலும் ஃபுட் தூணிலோ சுருளிலோ இடிக்காமல் நகர இடம் விட வேண்டும். ஆக, கடைசிப் பகுதியில் நீங்கள் 2 அங்குலப் பட்டை பட்டையாகத் தைத்து, நிறுத்தி, சுற்றி, இறுக்கி, மறுபடி 2 அங்குலம் தைக்க வேண்டியிருக்கும். 65 அங்குலச் சோபா போர்வையில்கூட முடிவில் மூன்று அங்குலம்போலத்தான் தேறும். கம்பியில் சுற்றாமல் கிளிப் போட்டுப் பிடிக்கும் சின்ன ஃபிரேம்களும் இருக்கின்றன, அவற்றில் துணி சுருளாக இல்லாமல் மடிப்பாகக் குவியும். குவிவது அதே இடைவெளியில்தான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், வீட்டிலேயே பாருங்கள். நீங்கள் தைத்து வைத்திருக்கும் பெரிய போர்வை ஒன்றை ஒரு கர்ட்டன் ராடில் இறுக்கமாகச் சுற்றி, மெஷினின் கைக்கு அடியில் தூணை ஒட்டி வையுங்கள். ஊசியிலிருந்து சுருளின் விளிம்பு வரை ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அந்த அளவுதான் நீங்கள் 600 டாலர் கொடுத்து வாங்கப்போகும் இடம்.

யூட்டாவின் ஹேண்டி குயில்டர், மிசூரியின் கேமில் போன்ற நிறுவனங்கள் செய்யும் லாங்ஆர்ம்கள் பலவற்றில் இந்த இடைவெளி 18 முதல் 26 அங்குலம் வரை இருப்பது சும்மா இல்லை. மெஷினின் கை நீளம்தான் அங்கே காசு. அதனால், என்றைக்காவது ஃபிரேம் வாங்கும் எண்ணம் இருந்தால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் இடைவெளி கூடுதலான மெஷின், பிறகு அதற்கேற்ற ஃபிரேம். அப்படி ஒரு மெஷினுக்குப் போட்ட பணம் மேஜையில் வைத்துத் தைத்தாலும் பலன் தரும், ஃபிரேமுக்குப் போட்ட பணம் அப்படித் தராது.

உங்களுக்குப் பிடித்த கட்டங்கள்

இதை நீங்கள் யோசிக்கவே இல்லை என்று தோன்றுகிறது, எனக்கோ கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டது இதுதான். ஃபிரேமில் வாக்கிங் ஃபுட்டுக்கு வேலை இல்லை. துணி நகர்வதில்லை, மெஷின்தான் எல்லாத் திசையிலும் ஓடுகிறது, அதனால் எந்தத் திசையிலும் தைக்க விடும் ஃப்ரீ மோஷன் ஃபுட்தான் போட முடியும். சக்கரத்தில் உருளும் மெஷினைக் கையால் பிடித்து நேர்கோடு இழுப்பது வளைவு போடுவதைவிடக் கடினம், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதல் நாளே இதில் திகைத்துப்போவார்கள். பக்கவாட்டுக் கோட்டை, மெஷின் ஒரு திசையில் மட்டும் ஓடும்படி பூட்டிவிட்டு இழுக்கலாம். மேலிருந்து கீழாக 60 அங்குலக் கோடு வேண்டுமென்றால், மூன்று நான்கு அங்குலம் தைத்து நிறுத்தி, சுற்றி, விட்ட இடத்தில் சரியாக ஊசியை இறக்கித் தொடர வேண்டும், அதுவும் ஒவ்வொரு கோட்டுக்கும். கட்டம் போடுவதில் உங்களுக்கு இருக்கும் சந்தோஷம் ஒரு வாரத்தில் வடிந்துவிடும். பாணியை மாற்றிக்கொள்ளத் தயார் என்றால் வேறு கதை, ஆனால் அதை ஃபிரேம் வாங்குவதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள், வாங்கிய பிறகு அல்ல.

ரெகுலேட்டர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அது ஃபிரேமோடு கூடவே வரும் குணம் என்று நினைக்காதீர்கள். மெஷின் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைச் சக்கரத்தில் உள்ள சென்சார் பார்த்து, பெடல் இணைப்பு வழியாக ஊசியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தனிக் கருவி அது. உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்பதைப் பட்டியலில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் கை வேகத்தையும் ஊசி வேகத்தையும் நீங்களேதான் ஒத்துப்போக வைக்க வேண்டும், மேஜையில் எப்படியோ அப்படித்தான் இங்கேயும்.

கம்ப்யூட்டர் பற்றிக் கணவர் சொன்னதும் பாதி சரி. மோட்டார் பிடித்து இழுத்துப் படம் போடும் அமைப்புகள் வீட்டு மெஷினுக்கும் உண்டு. ஆனால் கம்ப்யூட்டருக்கும் அதே இரண்டு மூன்று அங்குலம்தான் கிடைக்கும், நூல் அறுந்தால் கட்டுவது, பாபின் மாற்றுவது, துணியைச் சுற்றி மறு வரிசைக்குச் சேர்ப்பது எல்லாம் உங்கள் வேலைதான். வரிசை குறுகலாக இருக்க இருக்க அந்த வேலை கூடும்.

தோளும் கழுத்தும்

வலி கை வரைக்கும் இறங்குகிறதா, விரல் மரத்துப்போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் தையலைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டு முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், ஃபிரேம் யோசனையெல்லாம் அப்புறம். அப்படி இல்லை, தைத்த அன்று மட்டும் வலிக்கிறது என்றால் பெரும்பாலும் மேஜையில்தான் கோளாறு இருக்கும். டைனிங் டேபிள்மேல் மெஷினை வைத்துத் தைப்பவர்களுக்கு ஊசித் தட்டு முழங்கைக்கு மேலே போய்விடுகிறது, தோளைத் தூக்கிப் பிடித்தபடியே தைக்கிறார்கள். முழங்கை 90 டிகிரி மடிந்திருக்கும்போது கை ஊசித் தட்டின் உயரத்தில் இருக்க வேண்டும். மெஷினை மேஜைக்குள் இறக்கி, ஊசித் தட்டும் பலகையும் ஒரே மட்டமாக இருக்கும்படி செய்தால் போர்வையின் கனம் மேஜைமேல் நின்றுவிடும். இப்போது அது விளிம்பிலிருந்து தொங்கி ஊசியை இழுக்கிறது, அந்த இழுப்பை எதிர்த்துத் தள்ளுவது உங்கள் தோள். இடப்பக்கமும் பின்பக்கமும் ஒரு மடக்கு மேஜை போட்டு முட்டுக் கொடுத்தாலே பாதி பாரம் குறையும்.

ஃபிரேமில் நின்று தைத்தால் வலி வராது என்பதும் இல்லை. கை இரண்டையும் முன்னால் நீட்டி மணிக்கணக்கில் மெஷினை உருட்டுவதற்கும் தோள்தான் வேண்டும்.

அறை

ஃபிரேம் எவ்வளவு அகலமோ அதற்கு உள்ளேதான் போர்வை. குவீன் அகலத்துக்குக் கிட்டத்தட்ட 10 அடி வேண்டும், 10-க்கு 11 அறையில் அதை வைத்தால் கட்டில் வெளியே போகும். சின்ன ஃபிரேம் என்றால் இடம் கிடைக்கும், குவீன் கிடைக்காது. முன்னால் நின்று நகரவும், ஒரு பக்கம் நூல் மாற்றவும் வழி வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஆறு மாதம் இருப்பார்கள், அந்த ஆறு மாதமும் ஃபிரேம் கழற்றி கராஜில் கிடக்கும். கழற்றி மாட்டினால் மறுபடி மட்டம் பார்க்க வேண்டும், தண்டவாளம் கொஞ்சம் சரிந்தாலும் மெஷின் தானே ஒரு பக்கமாக உருளும். அலபாமா மாதிரி தென் மாநிலங்களின் சிறு வீடுகளில் அந்தக் காலத்துப் பெண்கள் கைத்தையல் ஃபிரேமைக் கயிறு கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவார்கள், வேலை முடிந்ததும் மேலே ஏற்றிவிட்டு அதே அறையில் படுத்துக்கொள்வார்கள். மெஷின் ஏற்றிய ஃபிரேமுக்கு அந்த வசதி கிடையாது.

காசு வாங்கித் தைப்பது

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹெச்-4 விசாவில், வேலை அனுமதி அட்டையான ஈஏடி இல்லாமல், பணம் வாங்கிக்கொண்டு தைத்துக் கொடுப்பது அனுமதியில்லாத வேலை. ரொக்கம் என்பதாலோ தொகை சின்னது என்பதாலோ அது மாறாது. பிற்பாடு கிரீன் கார்டுக்கு ஐ-485 என்ற விண்ணப்பம் போடும்போது, அனுமதியில்லாமல் வேலை செய்ததுண்டா என்று படிவமே நேரடியாகக் கேட்கும். ஒரு போர்வைக்குக் கிடைக்கும் சில நூறு டாலருக்காக அங்கே தடுமாற வேண்டுமா? சொந்தக்காரர் குழந்தைக்கு, தோழியின் குழந்தைக்கு என்று பரிசாகத் தைத்துக் கொடுப்பதற்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

2015 மே மாதத்திலிருந்து, கணவருக்காக அவர் நிறுவனம் கிரீன் கார்டுக்குப் போடும் ஐ-140 மனு ஒப்புதல் ஆகியிருந்தாலோ, கிரீன் கார்டு நடைமுறையில் இருப்பதால் ஆறு வருட வரம்பைத் தாண்டி ஹெச்-1பி நீட்டிப்புக் கிடைத்திருந்தாலோ, ஹெச்-4-இல் இருப்பவர் ஈஏடிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அட்டை கையில் வந்துவிட்டால் சொந்தத் தொழிலும் செய்யலாம், வரியைச் சரியாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். உங்கள் நிலை எது என்று கடிதத்தில் தெளிவில்லை. கணவரின் அலுவலக வழக்கறிஞரிடமோ தனியாக ஒரு குடிவரவு வழக்கறிஞரிடமோ கேளுங்கள். தையல்காரியான நான் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆக, "காசு வரும், ஃபிரேம் விலையை அடைத்துவிடலாம்" என்ற கணக்கை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்

கூலிக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். லாங்ஆர்ம் தைப்பவர்கள் சதுர அங்குலக் கணக்கில் வாங்குவார்கள். முழுப் போர்வைக்கும் ஒரே டிசைன், அங்குலத்துக்கு 2 சென்ட் என்று வைத்தால், 40-க்கு 50 குழந்தைப் போர்வைக்கு 40 டாலர், 60-க்கு 70 சோபா போர்வைக்கு 84 டாலர். நீங்கள் வருடம் முழுக்கத் தைக்கும் ஆறையும் வெளியே கொடுத்தாலும் 328 டாலர். ஃபிரேமும் ரெகுலேட்டரும் 950. மூன்று வருடக் கூலி கிட்டத்தட்ட அதில் அடங்கிவிடுகிறது.

ஆனால் நீங்கள் உங்கள் கையால் தைக்க ஆசைப்படுகிறவர், அந்த ஆசை கடிதம் முழுக்கத் தெரிகிறது. அதனால் எனக்கு உங்களுக்காகப் பிடித்த வழி வேறு: லாங்ஆர்ம் வைத்திருப்பவர்கள் பலர் பேஸ்டிங் மட்டும் போட்டுத் தருவார்கள். மூன்று அடுக்கையும் பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாகப் பிடித்துக் கொடுப்பார்கள், முழுத் தையலைவிடக் கூலி நன்றாகவே குறையும். வீட்டுக்கு வந்து வாக்கிங் ஃபுட் போட்டு உங்கள் கட்டங்களை அடித்துக்கொள்ளுங்கள், பிறகு பேஸ்டிங் நூலைப் பிரித்துவிடலாம். முட்டி போடும் வேலை ஒழிந்தது. சின்னப் போர்வைகளுக்கு அடுக்குகளைத் தற்காலிகமாக ஒட்டும் பேஸ்டிங் ஸ்ப்ரே போதும், ஜன்னலைத் திறந்துவைத்து, தரையில் அல்லாமல் இரண்டு மடக்கு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் செய்யுங்கள்.

பெரியதைத் தைக்க வேண்டும்போது, மூன்று பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகத் தைத்து முடித்துக் கடைசியில் சேர்க்கும் முறை உண்டு. 7 அங்குல மெஷினுக்கு அதுதான் நல்ல வழி. பின்பக்கம் சேர்க்கும் தையல் தெரியும் என்பது ஒரு குறை, அதைக் கையால் மறைத்துத் தைத்துவிடலாம்.

சேலைப் போர்வைக்கு அவசரப்படாதீர்கள். பட்டு வழுக்கும், ஊசி குத்திய இடம் தழும்பாக நிற்கும், தப்பாகத் தைத்துப் பிரித்தால் ஓட்டை தெரியும். ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் மெல்லிய ஒட்டுத்துணி வைத்து, மேலே ஒரு காட்டன் துணி போட்டு மிதமான சூட்டில் தேய்த்த பிறகுதான் வெட்ட வேண்டும். அரக்குச் சிவப்பு, கரும்பச்சை எல்லாம் சாயம் இறங்குமா என்று ஈரப் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள், இறங்கினால் அந்தப் போர்வைக்கு ஆயுளுக்கும் டிரை கிளீனிங்தான். சரிகைமேல் தைக்காமல் உடல் பகுதியை மட்டும் எடுப்பது நல்லது. குவீன் வேண்டாம், சோபா அளவு போதும். ஜாக்கெட் துணியில் மிஞ்சியிருக்கும் பட்டில் ஒரு தலையணை உறை தைத்துப் பாருங்கள், அதற்கு முன்னால் சேலையில் கத்தரி வைக்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகும் ஃபிரேம் ஆசை விடவில்லை என்றால், கடையில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பல குயில்ட் கடைகளில் ஒரு வகுப்பு முடித்துவிட்டால் லாங்ஆர்ம் மெஷினை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறார்கள். நின்று தைப்பது உங்கள் தோளுக்கு ஒத்துவருகிறதா, நேர்கோடு இல்லாத தையல் பிடிக்கிறதா, இரண்டும் ஒரே மதியத்தில் தெரிந்துவிடும். அதற்கப்புறம் பழைய ஃபிரேம் எதையாவது பார்க்கப் போனால், பிரித்துக் கட்டி வைத்ததைப் பார்த்து வாங்காதீர்கள், மாட்டி நிற்க வைத்ததைத்தான் பாருங்கள். ஒரு விரலால் தள்ளினால் வண்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடங்கலில்லாமல் ஓட வேண்டும். நடுவில் கம்பி தொய்ந்திருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். சக்கரத்தில் தட்டையான இடம் இருந்தால் டக் டக் என்று விழும். உங்கள் மெஷினையே தூக்கிக்கொண்டு போய் அந்த வண்டியில் உட்கார வைத்துப் பாருங்கள்.

விற்பவரிடம் இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடையில் வாடகை வகுப்புக்குப் பெயர் கொடுக்கும்போது, சோபா அளவு மேல்துணி ஒன்றும் அதற்கு நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வெட்டிய பின்துணியும் தயாராக இருக்கட்டும். பின்துணி அளவு குறைந்தால் மெஷினில் ஏற்ற முடியாது, வாடகை நேரம் அதிலேயே போய்விடும்.